கடலோரத் தோப்பில் கரண்ட்: டிரெய்லரைக் காப்பாற்ற எதை வாங்குவது?

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்கு இப்புறம், கடலோரத்தில் ஒரு தென்னந்தோப்பு. வண்டியோடு வந்து தங்குகிறவர்களுக்காக மரத்துக்கு மரம் பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த மரத்தில் மழை படாமலிருக்க எண்ணெய் கேன் ஒன்றைப் பாதியாக வெட்டிக் குல்லாய் போலக் கவிழ்த்திருந்தார்கள். கேனைத் தூக்கினால் 16 ஆம்ப் சாக்கெட். மேலே உள்ள பெரிய துளையின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. டெஸ்டரை வைத்தேன். வலது துளையில் எரிய வேண்டியது இடது துளையில் எரிந்தது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். எர்த் ஒயர் உள்ளிருந்து கிளம்பி, நாலு விரற்கடை தூரம் வந்து, கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

"எர்த் கொடுத்திருக்கிறோமே அண்ணே" என்றார் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. கொடுத்துத்தான் இருந்தார்கள், டேப்புக்கு.

இப்படிப்பட்ட சாக்கெட்டில் செருக வேண்டிய என் டிரெய்லர், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் செய்தது. முக்கால் டன் ஏசி, சிறிய ஃப்ரிட்ஜ், பேட்டரி, சார்ஜர், நாலைந்து விளக்கு. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் அதை இழுத்துக்கொண்டு திரிகிறேன். கடையில் போய்ப் பாதுகாப்புக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் ஸ்பைக் கார்டு, ஸ்டெபிலைசர், வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டிக்கும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி என்று நான்கை எடுத்து வைப்பார்கள். கடையில் சொல்லாத ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு: தோப்புக் கரண்டை ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் விடாமல், பேட்டரி சார்ஜரோடு நிறுத்திவிடுவது.

எது நல்லது என்பது, எதற்குப் பயப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. பாதுகாப்பு என்றதும் பலருக்கும் இடியும் மின்னலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அதுவும் உண்டு. ஆனால் இந்தக் கரையில் என் பொருட்களைப் படுத்தியவை பெரும்பாலும் மெல்ல வந்து நெடுநேரம் உட்கார்ந்துகொண்டவை. ஐஸ் கம்பெனி மோட்டார்கள் ஓடும் மாலைகளில் 175 வோல்ட் வரை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதே இடத்தில் மீட்டர் நிமிர்ந்து நிற்கும். ஐஸ் கம்பெனிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சந்தேகம் மட்டும் உண்டு. இன்னொன்று உப்புக் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் ஜங்ஷன் பெட்டிக்குள் இருக்கும் செம்பு முனைகூடக் களிம்பேறிவிடுகிறது. பேஸில் இணைப்பு தளர்ந்தால் விளக்கு மினுக்கும், அந்த இடம் சூடேறும். நியூட்ரலில் தளர்ந்தால் கதையே வேறு.

மூன்று பேஸ் இணைப்பு உள்ள தோப்பில் குடிலுக்கு ஒரு பேஸாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பொது நியூட்ரல் அறுந்தால் ஒவ்வொரு பேஸுக்கும் 230 என்ற கணக்கு கலைந்துவிடும். பாரம் அதிகமுள்ள பேஸில் வோல்டேஜ் சரியும். பாரம் குறைந்த பேஸில் ஏறும், மோசமானால் 400-ஐ நெருங்கும். ஒரு சனிக்கிழமை இரவு என் டிரெய்லரில் இரண்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தபோது மீட்டர் 312 காட்டியது. அடுத்த குடிலில் டிவி புகைந்தது.

ஸ்பைக் கார்டை இந்த 312-க்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். அதன் வயிற்றில் இருப்பது எம்ஓவி என்னும் வட்ட வில்லை. நம் நாட்டு 230 வோல்ட்டுக்கு வழக்கமாகப் போடுவது 275 வோல்ட் வரை தாங்கும் வில்லை. மைக்ரோ விநாடிக் கணக்கில் பாய்ந்து வரும் வீச்சை விழுங்க அது போதும். 312 வோல்ட் என்றால் அலையின் உச்சி 440-ஐத் தாண்டும். ஒவ்வொரு அலையிலும் வில்லை கொஞ்சம் கடத்தும், சூடேறும், நிமிடங்கள் நீண்டால் கருகும். அது கருகிய பிறகும் பிளக் பெட்டி வழக்கம்போல் கரண்டை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். லோ வோல்டேஜைப் பற்றி அதற்கு எந்தக் கருத்தும் கிடையாது. ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய மன நிம்மதி என்று வேண்டுமானால் சொல்லலாம். வேறொரு சாதனத்தின் பின்னால் துணைக்கு நிற்கட்டும். தனியாகக் காவலுக்கு வேண்டாம்.

ஸ்டெபிலைசரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் வீடுகளில் ஏசிக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கி அது சம்பாதித்த பெயர் பெரியது. புழுக்கமான நாளில் இரவு முழுவதும் 175 வோல்ட் என்றால், கட் ஆஃப் பெட்டி உங்கள் பொருட்களைக் காப்பாற்றிவிட்டு உங்களைக் கொசுவிடம் ஒப்படைத்துவிடும். ஸ்டெபிலைசர் 175-ஐ 220 ஆக்கிக் கொடுக்கும். ஏசி ஓடும், பிள்ளைகள் தூங்குவார்கள். சாதாரண கம்ப்ரசர் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும்; 230-க்குப் பதில் 170 வந்தால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கிளம்ப முடியாமல் முனகும், கிளம்பும்போது இழுக்கும் பெரிய கரண்டையே இழுத்துக்கொண்டு நிற்கும், சுருள் வெந்துபோகும். அதைத் தடுப்பது ஸ்டெபிலைசர்தான்.

ஆனால் ஸ்டெபிலைசர் வோல்டேஜைத் தானாக உண்டாக்குவதில்லை. குறையும் வோல்டேஜுக்கு ஈடாகக் கூடுதல் கரண்டை மரத்திலிருந்து இழுக்கிறது. 1,500 வாட் பாரம் 230-ல் ஆறரை ஆம்ப் கேட்கும். 160-ல் அதே 1,500 வாட்டுக்கு ஒன்பதரை ஆம்ப் வேண்டும். மரம்வரை வரும் ஒயர் மெலிந்ததாக இருந்தால் அந்தக் கூடுதல் கரண்டே வோல்டேஜை இன்னும் இறக்கும். ஸ்டெபிலைசர் இன்னொரு படி ஏறும். பக்கத்து டிரெய்லரிலும் ஒரு ஸ்டெபிலைசர் இருந்துவிட்டால் இரண்டும் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று பிடுங்கித் தின்னும். களிம்பேறிய சாக்கெட்டுக்கு ஒன்பதரை ஆம்ப் நல்லதல்ல. ஒருமுறை பிளக்கைப் பிடுங்கியபோது பித்தளை ஊசி விரலைச் சுட்டது. படிப்படியாக மாற்றும் ரிலே ஸ்டெபிலைசரில் ரிலே முனைகளும் உப்புக்கு இரையாகின்றன. சர்வோ வகை துல்லியமானதுதான். அந்தக் கனத்தையும் விலையையும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், டிரெய்லருக்கு வேண்டாம். இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்கள் முதலில் அதன் பின்பக்கப் பட்டையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகட்டும். பல மாடல்கள் அகன்ற வோல்டேஜ் எல்லைக்குள் தாமாகவே ஓடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்காக ஒரு பெட்டி கொண்டுவந்தார். அங்கே முகாம்களில் பலரும் வைத்திருப்பது. செருகியதும் உடனே கரண்டை விடாது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா, எர்த் இருக்கிறதா, வோல்டேஜ் சரியா என்று பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் விடும். 104-க்குக் கீழே இறங்கினாலும் 132-க்கு மேலே ஏறினாலும் துண்டித்துவிடும். அருமையான பொருள், ஆனால் அவர்கள் ஊர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சாக்கெட்டில் செருகினால் தன் உயிரையே அதனால் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது.

அந்தப் பெட்டியின் மூளையில் முக்கால் பங்கு நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. எம்சிபி (பாரம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) பெட்டிக்குள் பொருந்தும் டிஜிட்டல் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப். முகத்தில் வோல்டேஜ் எண் எரியும். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நாமே வைக்கலாம். நான் 260-லும் 185-லும் வைத்திருக்கிறேன். மீண்டும் கரண்ட் விடுவதற்கு மூன்று நிமிட இடைவெளி வைத்தேன். ஓடி நின்ற கம்ப்ரசரில் வாயு அழுத்தம் இரு பக்கமும் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும். அந்த 312 இரவில் என் பெட்டி டக்கென்று விழுந்து இருட்டாக்கியது. மனைவி டார்ச்சைத் தேடித் திட்டினார். டார்ச் கிடைப்பதற்குள் அடுத்த குடிலில் புகை. சார்ஜர்களின் முகப்பில் பெரும்பாலும் 400 வோல்ட் கெப்பாசிட்டர்தான் இருக்கும். 440 உச்சியை அது எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்? இருட்டே மேல்.

இந்தக் கட் ஆஃப் பெட்டிக்குத் தெரியாதது எர்த். வோல்டேஜ் 230 என்று அழகாகக் காட்டிக்கொண்டே டிரெய்லர் உடம்பில் கரண்ட் ஏறி நிற்கலாம். ஈர மணலில் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடும் குழந்தைக்குத்தான் அது முதலில் தெரியும். அதனால் ஆர்சிசிபியை மற்றவற்றுக்குப் போட்டியாக நான் வைக்கவே மாட்டேன். மற்றவை பொருளைக் காப்பவை. இது ஆளைக் காப்பது. 30 மில்லி ஆம்ப் வகையாக இருக்க வேண்டும். பேஸில் போன கரண்ட் நியூட்ரல் வழியாக முழுதாகத் திரும்புகிறதா என்று எண்ணுவதுதான் அதன் வேலை, திரும்பாவிட்டால் விழுந்துவிடும். எர்த் அறுந்திருந்தாலும் வேலை செய்யும், ஆனால் அப்போது யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்த பிறகுதான் விழும். அந்த ஒரு அடியையும் தவிர்க்கத்தான் சொந்த எர்த்.

செம்பு பூசிய நாலடிக் கம்பி ஒன்றை வண்டியில் வைத்திருக்கிறேன். காய்ந்த மணலில் அடித்தால் பயனில்லை. தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்: மேல்மணல் காய்ந்திருந்தாலும் கொஞ்சம் ஆழத்தில் ஈரம் இருக்கும், கம்பி அதைத் தொட வேண்டும். அப்படியும் மண்ணுக்குப் போகும் வழியில் 100 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். பேஸ் டிரெய்லர் உடம்பில் பட்டால் 2.3 ஆம்ப்தான் மண்ணுக்கு ஓடும். எம்சிபி அசையாது, உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். ஆர்சிசிபிக்கோ அது மலை போன்ற கசிவு, உடனே விழும். கம்பி மட்டும் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

வாங்கும்போது இரண்டு நுணுக்கங்கள். எலெக்ட்ரானிக் வகை ஆர்சிசிபிக்கு வேலை செய்யவே நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் அறுந்தால் அது குருடு. எலக்ட்ரோ மெக்கானிக்கல் வகை என்று கேட்டு வாங்குங்கள். அடுத்து, எம்சிபி, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும் டபுள் போலாக இருக்கட்டும். அந்தத் தென்னைமரத்துச் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தனவே, சிங்கிள் போல் எம்சிபியாக இருந்தால் அது நியூட்ரலைத்தான் வெட்டும். அணைத்துவிட்டோம் என்று நினைத்து நாம் உள்ளே கை வைப்போம்.

ஐந்தாவது வழி, எனக்கு மிகவும் பிடித்தது. தோப்புக் கரண்ட் பேட்டரி சார்ஜருக்கு மட்டும். மற்றதெல்லாம் 12 வோல்ட்டில். 90 முதல் 264 வோல்ட் வரை ஏற்கும் சார்ஜராகப் பார்த்து வாங்கி, கட் ஆஃபின் கீழ் எல்லையையும் இறக்கி வைத்தால் 175 வோல்ட் மாலை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 20 ஆம்ப் சார்ஜர் மரத்திலிருந்து இழுப்பது இரண்டு ஆம்ப் அளவுதான். சாக்கெட் சுடாது, மெலிந்த ஒயரும் முனகாது. 312 வந்தால் கட் ஆஃப் விழும். விழுந்தாலும் உள்ளே விளக்கும் ஃபேனும் நிற்காது. 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் இருக்கும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜும் இரண்டு ஃபேனும் ஓர் இரவைத் தாராளமாகத் தாண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிற மாவட்டத்தில் கூரையில் 400 வாட் தகடு போட்டால் பல பகல்களில் பிளக்கைத் தேடவே வேண்டாம். தகட்டில் படியும் உப்பை மட்டும் நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். குறை ஒன்றுதான்: ஏசி. 600 வாட் வீதம் இழுத்தாலும் நாலு மணி நேரத்தில் பேட்டரி காலி. மார்கழியில் வாடை வீசும்போது யாருக்கும் ஏசி வேண்டாம். சித்திரையில் இதைச் சொன்னால் வீட்டில் கேட்க மாட்டார்கள்.

ஆகவே என் கணக்கு இப்படி. கையில் குறைவான பணம் என்றால் முதலில் ஆர்சிசிபியும் எர்த் கம்பியும், அடுத்த மாதம் கட் ஆஃப். ஏசி இல்லாமல் போகிறவர்கள் இவற்றோடு நல்ல சார்ஜரும் பேட்டரியும் சேர்த்துக்கொண்டு ஸ்டெபிலைசரை மறந்துவிடலாம். கோடையில் ஏசியோடுதான் தங்குவேன் என்கிறவர்கள் கட் ஆஃபுக்குப் பின்னால் ஸ்டெபிலைசரை வைக்கலாம். கட் ஆஃபின் கீழ் எல்லையை 160 அளவுக்கு இறக்கி, சாக்கெட்டில் பிளக் சுடுகிறதா என்று அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். நியூட்ரல் அறுந்தால் ஸ்டெபிலைசர் தனியாகச் சமாளிக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஒயரில் மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். 30 மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் 10 ஆம்பில் 8 வோல்ட்டைத் தின்றுவிடும். இரண்டரை என்றால் 5. சுருளாக வைத்தபடியே ஏசியை ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்று உருகும். முழுவதையும் அவிழ்த்து மணலில் போடுங்கள்.

அந்தத் தோப்புக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். கேனுக்குப் பதில் மூடி வைத்த புதுச் சாக்கெட் வந்திருந்தது. பேஸ் வலது பக்கம், மிகச் சரியாக. திறந்து காட்டச் சொன்னேன். பச்சை ஒயர் அதே நாலு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. டேப் மட்டும் புதிது.