பிளாங்க் ஒய்-வரைபடம்: பக்கத்து கேலக்ஸிகளின் சூடான வாயுவைத் தேட உதவுமா?

ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோள் குழு 2015இல் வெளியிட்ட ஒய்-வரைபடம், அதாவது வானில் சூடான வாயு இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம், இலவசமாகவே கிடைக்கிறது. பழைய சரக்குதான். ஆனாலும் 10 மெகாபார்செக்குக்குள், அதாவது சுமார் 3.26 கோடி ஒளியாண்டுக்குள் இருக்கும் கேலக்ஸிகளுக்கு இன்றும் இதையே முதலில் எடுக்கச் சொல்வோம்.

பெருவெடிப்பின் மிச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணி ஒளி சூடான வாயுவைக் கடக்கும்போது எலெக்ட்ரான்களிடம் ஆற்றல் பெறுகிறது. 217 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த இடம் மங்கும், மேலே பிரகாசிக்கும். அந்த மாற்றத்தின் அளவுதான் ஒய்.

பிளாங்க் வரைபடத்தின் கூர்மை 10 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் 60 ஆர்க்மினிட்). சிலியில் உள்ள அட்டகாமா தொலைநோக்கியின் வரைபடமோ 1.6. ஆனால் கேலக்ஸியைச் சுற்றி 250 கிலோபார்செக் (கால் மெகாபார்செக்) ஆரமுள்ள வாயு உறை, 10 மெகாபார்செக் தொலைவில் 1.4 பாகை ஆரத்துக்கு விரிந்து கிடக்கும். அந்த அகலத்தில் தரைத் தொலைநோக்கிக்கு வளிமண்டல இரைச்சல் பெரும் தொல்லை. அட்டகாமா வரைபடமே அங்கே பிளாங்க் தரவைத்தான் நம்பியிருக்கிறது. ஆண்ட்ரோமீடா வேறு கதை: உறையின் ஆரமே 18 பாகை, ஒப்பிடச் சுத்தமான பின்னணி வளையம் கிடைக்காது.

சமிக்ஞை மிகச் சிறியது. 20 லட்சம் கெல்வின் வெப்பம், கன சென்டிமீட்டருக்கு 0.0001 எலெக்ட்ரான், 100 கிலோபார்செக் நீளம் என்று போட்டால் ஒய் சுமார் 7×10⁻⁹ வரும். தனி கேலக்ஸியில் இது இரைச்சலில் மூழ்கிவிடும். பல கேலக்ஸிகளின் படங்களை கிலோபார்செக் அளவுக்கு மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வரைபடம் நம் பால்வீதி ஆயங்களில் இருக்கிறது; உங்கள் கேலக்ஸிப் பட்டியலின் ஆயங்களை முதலில் அதற்கு மாற்றுங்கள். வானத்தைப் பிக்ஸல்களாகக் கையாளும் ஹீல்பை நிரலில், கேலக்ஸியைச் சுற்றி எடுக்கும் வட்டத்தின் ஆரத்தை ரேடியனில் கொடுக்க வேண்டும். 0.025 கொடுத்தால் சுமார் 7,860 பிக்ஸல் வரும். 2 கோடிக்கு மேல் வந்தால், பாகையிலேயே 1.43 என்று கொடுத்துவிட்டீர்கள்.

பெரிய குறை, மையம். கேலக்ஸித் தட்டின் தூசு ஒய்யைப் பொய்யாக ஏற்றும், ரேடியோ மூலங்கள் எதிர்மறையாக இறக்கும். தட்டையும் அதற்கு வெளியே குறைந்தது 15 ஆர்க்மினிட்டையும் வெட்டுங்கள். விர்கோ போன்ற கேலக்ஸிக் கொத்துகளை மறைக்காவிட்டால் கிடைப்பது கொத்தின் வாயுதான்.

வரைபடத்துக்கு, அதைப் பிரித்தெடுத்த முறைகளின் பெயரில் மில்கா, நில்க் என இரு பதிப்புகள் உண்டு. பெரிய அளவுகளில் நில்க்கில் இரைச்சல் கூடுதல் என்பதால் மில்காவில் தொடங்கி, நில்க்கில் சரிபாருங்கள். பிறகு அதே பால்வீதி அகலாங்குகளில் பட்டியல் கேலக்ஸிகள் இல்லாத ஆயிரம் வெற்று இடங்களைத் தேர்ந்து அதே முறையில் அடுக்குங்கள். அங்கேயும் அதே ஏற்றம் தெரிந்தால் நீங்கள் பார்த்தது நம் பால்வீதியின் தூசு.