பழைய ஸ்பீக்கரை ரிப்பேருக்குக் கொடுப்பவர்களே, உள்ளே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என்னிடம் இருப்பது ஏஆர்-3ஏ என்ற ஸ்பீக்கர் ஜோடி. அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 1967-ல் கொண்டுவந்த மாடல். பெரியப்பா ஆசை ஆசையாக வைத்திருந்தது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. இரண்டு ஊஃபரிலும் (அடியொலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கோனை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் இற்றுப்போய், தொட்டால் கருப்புப் பிசினாக விரலில் ஒட்டியது. அதில் யார் மேலும் குறையில்லை. அந்த ஃபோம் பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் வயதானால் உதிரத்தான் செய்யும். உள்ளே கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சர்க்யூட்) இருந்த கெப்பாசிட்டர்களும் அதே வயதுதான். பெட்டிக்கு மூன்று: 6, 50, 150 மைக்ரோஃபாரட்.

இந்த வேலையில் கைதேர்ந்தவர் என்று ஒருவரைச் சொன்னார்கள். போய்ப் பேசினேன், விஷயம் தெரிந்தவராகத்தான் தெரிந்தார். இந்த ஊஃபருக்கு உரிய மெல்லிய ஃபோம்தான் வேண்டும், கெப்பாசிட்டர் எல்லாம் ஃபிலிம் வகையில் மாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். "கவலையே படாதீங்க தம்பி, புதுசு மாதிரி ஆக்கித் தரேன்" என்றார்.

மூன்று வாரம் என்றது மூன்று மாதமானது. எடுக்கப் போனபோது மரப்பெட்டிக்குப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். அந்தப் பளபளப்பில்தான் நான் ஏமாந்தேன். "பழைய கெப்பாசிட்டரைக் கொடுங்கண்ணே, வச்சுக்கிறேன்" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு தம்பி" என்றார். சரி என்று கேட்ட தொகையை முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் போட்டால் அடியொலி இல்லை. பல வருடமாகக் கேட்டுப் பழகிய அதே இசைத்தட்டு, ஆனால் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பவர் அறையை விட்டு வெளியே போய்விட்டது போல இருந்தது. போன் செய்தேன். "புது ஃபோம், பழகப் பழக இளகிடும்" என்றார். புது விளிம்பு கொஞ்சம் இளகும், அது உண்மைதான். அதை நம்பி ஒரு மாதம் வீணடித்தேன்.

இந்த ஸ்பீக்கரின் அடிப்படையே வேறு. இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் வில்ச்சர் 1950-களில் வடிவமைத்த முறை இது: காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி, உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போல வேலை செய்து கோனைத் திரும்பத் தள்ளும். அதனால் கோனின் விளிம்பு மிக மிருதுவாக இருந்தாக வேண்டும். அது விறைத்தால் ஆழமான பேஸ் போய்விடும். பெட்டி இறுக்கமாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க, கோனை விரல்களால் நாலாபக்கமும் சமமாக மெதுவாக அழுத்தி, ஒரு நொடி வைத்திருந்து விடுங்கள். நிதானமாக ஊர்ந்து திரும்ப வேண்டும். என்னுடையது சட்டென்று துள்ளியது.

அன்றைக்கே கழற்றினேன். ஊஃபரின் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் புகாமல் அடைக்க இருக்க வேண்டிய சாம்பல் நிறப் புட்டி துளிகூட இல்லை, வெறும் ஸ்குரூதான். விளிம்பில் ஒட்டியிருந்தது ஃபோமே இல்லை, வேறு ஏதோ ஊஃபருக்கான தடித்த ரப்பர். உள்ளே திணித்திருந்த கண்ணாடிப் பஞ்சை வெளியே எடுத்தேன் (நீங்கள் எடுப்பதானால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்). அடியில் கருப்பு ஸ்லீவ் சுற்றி, மேலே புது லேபிள் ஒட்டிய ஒரு கட்டி. பிளேடால் ஸ்லீவைக் கீறினேன். மெழுகு வாசனை வந்தது. உள்ளே அதே பழைய பழுப்பு அட்டைப்பெட்டி, ஓரங்களில் மெழுகு கசிந்து காய்ந்திருந்தது. குப்பைக்குப் போனதாகச் சொன்ன கெப்பாசிட்டர் என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு பெட்டியிலும் அதேதான்.

படம் எடுத்து அனுப்பினேன். "வேற யார்கிட்டயோ கொடுத்துக் கெடுத்திருக்கீங்க" என்று ஒரு பதில். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

கொடுக்கும் முன் நான் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஊஃபர், கெப்பாசிட்டர், புட்டி எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். ஊஃபரின் காந்தத்துக்குப் பின்னால் பென்சிலில் ஓர் அடையாளம் போடுங்கள். ஒவ்வொரு ஊஃபர், ட்வீட்டரின் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) ஓம் அளவையும் மல்டிமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள், திரும்பி வருவது உங்களுடையதுதானா என்று அது காட்டிக் கொடுக்கும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். எடுக்கப் போகும்போது உங்கள் கண்ணெதிரே ஒரு ஊஃபரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் கொடுக்க வேண்டாம். அப்புறம் குறைந்த சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். சரசரவென்று உரசினால், கோனை அசைக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) சரியாக நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இப்போது நானே பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பெட்டி முடிந்துவிட்டது. சரியான ஃபோம், புதுக் கெப்பாசிட்டர், சுற்றிலும் புட்டி. கோனை அழுத்தினால் நிதானமாகத் திரும்புகிறது, பேஸும் திரும்பிவிட்டது. இன்னொன்றில் அவர் ரப்பரை ஒட்டிய பசை அவ்வளவு கெட்டி. எவ்வளவு மெதுவாக உரித்தும் கோனின் காகிதம் ஓர் அங்குலம் கூடவே கிழிந்து வந்துவிட்டது. பெரியப்பா ஒரு கீறல்கூட விழாமல் காத்து வைத்திருந்த கோன் அது. அந்த ஊஃபரைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.