ஹாட் ராடுக்கு "முழு மழைக்காப்பு" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

தெற்குக் கலிஃபோர்னியாவில் பழைய ரோட்ஸ்டரோ (நிரந்தரக் கூரை இல்லாத திறந்த கார்) ஹாட் ராடோ (வேகத்துக்காக மாற்றி அமைத்த பழைய கார்) வைத்திருப்பவர்களுக்கும், ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசையோடு இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மழைக்காலம் நெருங்கும்போது "முழு மழைக்காப்பு" என்று ஒரு பேக்கேஜை விற்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றிடம் 1,850 டாலர் கொடுத்தேன். ஆர்டீசியா பக்கம் இருக்கும் தமிழ் அண்ணன் ஒருவருக்கும் அதே கடை அதே வேலையைச் செய்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்றுமே செய்யாமல் பணத்தை மட்டும் வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. செய்த வேலைதான் வண்டியைக் கெடுத்தது. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன். வேறு கடையில் இதே வேலையைச் சொன்னாலும் உங்களுக்கு உடனே தெரிந்துவிட வேண்டும்.

என் வண்டி 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரின் வடிவத்தில் புதிதாகச் செய்த எஃகு உடல், உள்ளே ஷெவர்லே 350 வி8 எஞ்சின். தலைக்கு மேல் துணி டாப் மட்டும்தான். கதவுகளுக்குக் கண்ணாடி கிடையாது. பானட்டின் மேலும் இரண்டு பக்கங்களிலும் வரிசையாக லூவர்கள், அதாவது தகட்டைக் கீறி மேலே தூக்கி விட்ட காற்று வழிகள். சன்னலில் சரிவாக வைத்த மரப்பலகைகளைப் போல அவை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். ரேடியேட்டர் வழியாக உள்ளே நுழையும் காற்று எஞ்சின் சூட்டை வாரிக்கொண்டு அந்த வழியாகத்தான் வெளியேறும். ஓடும்போது மழைத்துளி பெரும்பாலும் லூவரைத் தாண்டிப் பின்னால் போய்விடும். வண்டி நின்றால் அப்படியில்லை, தண்ணீர் நேராக எஞ்சின் மேல் இறங்கும்.

இந்த வண்டிகள் மழைக்காகப் பிறந்தவை அல்ல. 1930களில் லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர்கள் முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்ப்பதற்காகப் பழைய ஃபோர்டுகளின் மட்கார்ட், டாப், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத்தான் 1937இல் எஸ்சிடிஏ (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கமே உருவானது. எடை குறைய வேண்டும், சூடு வெளியேற வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்த அமைப்பை இன்று நாம் ஃப்ரீவேயில் ஓட்டுகிறோம். பொமோனாவில் நடக்கும் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோவே ஜனவரி கடைசியை ஒட்டி வருவது, அதாவது இங்கே சரியான மழைக்காலம். ஆகவே மழைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது நியாயமான தேவை. அந்தத் தேவையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்.

கடைக்காரர் தந்த எஸ்டிமேட்டில் ஐந்து வேலைகள் இருந்தன: லூவர்களுக்கு அடியில் அளவெடுத்துச் செய்த அலுமினியத் தட்டு, இக்னிஷனுக்கு (எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் அமைப்பு) நீர்க்காப்பு, கதவு மற்றும் தரைக்கு அண்டர்கோட்டிங் (துருப்பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கும் பூச்சு), புதிய எலக்ட்ரிக் வைப்பர் மோட்டார், நிறுத்தி வைக்கும்போது போடும் கவர். கேட்க எல்லாமே சரியாகத்தான் இருந்தது. "இனி நீங்கள் கார் கழுவும் இடத்துக்குள்ளேயே ஓட்டிப் போகலாம்" என்றார்.

வண்டி திரும்பி வந்த பிறகு முதல் சந்தேகம் மழையில் வரவில்லை, வெயிலில் வந்தது. சான்டா ஆனா என்ற வறண்ட சூடான காற்று அடிக்கும் ஒரு நாள், 57ஆம் எண் ஃப்ரீவேயில் நெரிசல். எத்தனையோ கோடையில் அசையாமல் நின்ற டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து எஞ்சின் நின்றுவிட்டது. இங்கே விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, சூட்டில் அது சீக்கிரமே ஆவியாகிவிடும். கடைக்குப் போன் செய்தேன். "பழைய எஞ்சின், தெர்மோஸ்டாட்டாக இருக்கும்" என்று சொல்லி அதையும் மாற்றி 140 டாலர் வாங்கினார்கள்.

அப்புறம் பருவத்தின் முதல் நல்ல மழை. வண்டி வெளியே நின்றிருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆனது, ஆனால் சீராக ஓடவில்லை. 71ஆம் எண் சாலையில் சீனோ ஹில்ஸ் ஏற்றத்தில் தடதடவென்று ஒவ்வொரு சிலிண்டராக விட்டுவிட்டு, வேகம் முப்பது மைலுக்குக் கீழே வந்தது. பின்னால் டிரக்குகள். துணி டாப்பும் சின்னஞ்சிறு பின்விளக்கும் உள்ள வண்டி மழைச்சாரலில் எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். வைப்பரும் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. ஓரம் கட்டிய பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

டோ வண்டியில் ஏற்றி, வயதான ஒரு ஹாட் ராட் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத்தான் பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் பாகம் அது. 350 எஞ்சினில் அது எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) ஒட்டி இருக்கும். பானட் மேல் லூவரிலிருந்து சொட்டும் தண்ணீர் அதன் மேல் விழ வாய்ப்பு அதிகம். மூடியின் விளிம்பு முழுக்க வெள்ளை சிலிக்கோன் பூசியிருந்தார்கள். காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். அவர் அதைப் பிய்த்து மூக்கருகே வைத்துக் காட்டினார். வினிகர் வாசனை. குளியலறைத் தொட்டிக்குப் போடும் சாதாரண சிலிக்கோன்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அந்த மூடிக்குள் பொறி பறந்துகொண்டே இருக்கும், பொறி பறக்கும் இடத்தில் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களும் உண்டாகும். அவை வெளியேறத்தான் துளை. அதை அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி முனைகளை அரிக்கும். இரவு எஞ்சின் குளிரும்போது உள்ளே வியர்க்கும், அந்த ஈரம் போக வழி இருக்காது. போதாததற்கு, வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், அதுவும் உலோகத்தை அரிக்கும். மூடியின் உட்புறத்தில் முனைகள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தன. ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே விழுந்த மழையைவிட உள்ளே அடைபட்ட ஈரம்தான் வண்டியை நிறுத்தியது.

பானட்டைத் திறந்ததும் வெயில் நாளில் நடந்ததும் புரிந்தது. அளவெடுத்துச் செய்த அலுமினியத் தட்டு என்று ஒன்றே இல்லை. லூவர்களின் உட்புறத்தில் ஸ்பாஞ்சை ஒட்டி, அதன் மேல் கறுப்பு டேப் போட்டிருந்தார்கள். மேலே, பக்கத்தில், எல்லா லூவரிலும். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ரேடியேட்டர் வழியாகப் புதுக்காற்று உள்ளே வருவதும் குறைந்துவிடும். அதனால்தான் சூடு ஏறியது. தெர்மோஸ்டாட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த ஸ்பாஞ்சு நீரைக் குடிக்கும் வகை. மழையில் நனைந்து, தகட்டோடு ஒட்டியபடியே பல நாள் ஈரமாக இருந்து, பெயின்டுக்கு அடியில் துரு கொப்புளிக்கத் தொடங்கியிருந்தது.

கதவுகளில் நடந்தது எனக்கு இதைவிட வேதனை. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. கண்ணாடி இல்லாத வண்டியில் கதவுக்குள் தண்ணீர் போவதைத் தடுக்கவே முடியாது, வடிய விடுவது ஒன்றுதான் வழி. அண்டர்கோட்டிங் என்ற பெயரில் தார் போன்றதை அந்தத் துளைகளின் மேலேயே அடித்து மூடியிருந்தார்கள். மெக்கானிக் ஒரு கம்பியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

பில்லில் "புதியது" என்று எழுதியிருந்த வைப்பர் மோட்டார் என் பழைய மோட்டாரேதான். மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் முன்பு அதில் கீறி வைத்த குறி பெயின்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. கவர், காற்றுப் புகாத பிளாஸ்டிக். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஈரமான வண்டி மேல் அதைப் போட்டால் உள்ளே நீராவி நிற்கும்.

படங்களோடு கடைக்குப் போனேன். "ஹாட் ராட் என்றால் மழையில் நனையத்தான் செய்யும், நாங்கள் உத்தரவாதம் எதுவும் தரவில்லையே" என்றார் உரிமையாளர். எஸ்டிமேட்டில் எழுதியிருந்த அலுமினியத் தட்டு எங்கே என்று கேட்டதற்கு, "ஸ்பாஞ்சு அதைவிட நல்லது என்று நாங்களே முடிவு செய்தோம்" என்றார். என்னைக் கேட்காமல்.

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1971இல் வந்த வாகனப் பழுதுபார்ப்புச் சட்டத்தின்படி கடை எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், அதில் இல்லாத வேலைக்கும் கூடுதல் பணத்துக்கும் நம் சம்மதம் வாங்க வேண்டும், பில்லில் உதிரிபாகம் புதிதா பழையதா என்று சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் வேலைக்குச் சம்மதம் கொடுக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அலுவலகத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். நான் கொடுத்தேன். புகார் போன பிறகு வைப்பர் மோட்டாருக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. மற்றதற்கு இன்னும் காத்திருக்கிறேன். ஆர்டீசியா அண்ணனும் முதலில் "விடு தம்பி, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். அவர் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அதே வெள்ளைப் பூச்சு. அடுத்த நாளே அவரும் புகார் கொடுத்துவிட்டார்.

சரி, மழைக்கு உண்மையில் என்னதான் செய்யலாம்? அந்த மெக்கானிக் என் வண்டியில் செய்ததைச் சொல்கிறேன். மேல் லூவர்களுக்கு அடியில், கொஞ்சம் இடைவெளி விட்டு, மெல்லிய அலுமினியத் தட்டைச் சரிவாகத் தொங்கவிட்டார். சூடான காற்று இடைவெளி வழியாக வெளியேறும். விழும் தண்ணீர் தட்டில் வழிந்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் தாண்டி ஓரத்தில் இறங்கும். பக்கத்து லூவர்களை அவர் தொடவேயில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடி, துளை திறந்தபடி. பிளக் வயர்களின் ரப்பர் உறைக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். அது மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீரை உள்ளே விடாது. பானட்டே இல்லாமல் கார்புரேட்டர் வெளியே தெரியும் வண்டியாக இருந்தால், ஏர் ஃபில்டருக்கு மேல் விளிம்பு இறங்கிய மூடி வேண்டும். வண்டி நிற்கும்போது கார்புரேட்டரின் திறந்த குழாய் வாய்களை அடைத்து வையுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். எங்காவது சிலிக்கோன் போட்டே ஆக வேண்டுமென்றால் அமிலம் விடாத நியூட்ரல் வகை, ரப்பர் பட்டை என்றால் நீர் குடிக்காத மூடிய துளை வகை. எஸ்டிமேட்டில் அந்த வகைப் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஓட்டுவது பற்றியும் இந்தக் கடைகள் வாய் திறப்பதில்லை. இந்த ரோட்ஸ்டர்கள் ஏறத்தாழ 2,400 பவுண்டுதான் இருக்கும், பின்னால் அகலமான டயர், காற்றும் குறைவாகத்தான் வைப்போம். 1960களில் நாசா செய்த டயர் ஆய்விலிருந்து ஒரு கணக்கு வந்தது: பிஎஸ்ஐ அளவில் உள்ள டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 10.35ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 25 பிஎஸ்ஐ என்றால் சுமார் 52 மைல். ஃப்ரீவேயில் எல்லோரும் 65இல் போகும்போது நம் பின்சக்கரம் ஏற்கெனவே தரையை விட்டிருக்கும். தேய்ந்த டயர் என்றால் சொல்லவே வேண்டாம். டிரம் பிரேக் உள்ளவர்கள் ஆழமான நீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிச் சூட்டில் காய வையுங்கள். பல மாத எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும் முதல் மழை நாளில், முடிந்தால் வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

நனைந்து வீடு வந்தால் உடனே கவரைப் போடாதீர்கள். பானட்டையும் கதவையும் திறந்து வைத்து, எஞ்சின் சூட்டிலேயே உலர விடுங்கள். பிறகு காற்றுப் போகும் துணிக் கவர் போதும்.

இதே போன்ற பேக்கேஜை ஏற்கெனவே வாங்கியவர்கள் இந்த வாரமே மூன்று இடங்களைப் பாருங்கள்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் விளிம்பு, லூவரின் உட்புறம், கதவின் அடித்துளை. அடைப்பு இருந்தால் பிய்ப்பதற்கு முன்னால் பில்லைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள், பிய்த்த துண்டுகளைத் தேதி எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். புகாரைப் பதிவு செய்யும்போது என்னிடம் முதலில் கேட்டது அவற்றைத்தான்.