"நல்லாத்தானே பேசுறாங்க" என்று அனுப்பினால் நம்பாதீர்கள்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை. போன மாசியில் கொல்லைப்புறத்தில் வழுக்கி, துவைக்கிற கல்லில் நெற்றி மோதிவிட்டது. பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம்.

"மயக்கம் வந்துச்சா? வாந்தி எடுத்தாங்களா?" இரண்டே கேள்வி. இரண்டுக்கும் இல்லை என்றோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாருமே கேட்கவில்லை. பதற்றத்தில் நாங்களும் சொல்லவில்லை. மண்டைக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "எலும்பு உடையல, நல்லாத்தானே பேசுறாங்க" என்று டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். உள்ளே கசியும் ரத்தம் தெரியாது. அந்த ஊசியோ, அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது.

18 நாள் கழித்து, இடது கால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அம்மா நடந்துகொண்டிருந்தார். ரசத்துக்கு இரண்டு தடவை உப்பு. பகலெல்லாம் தூக்கம். அதே டாக்டரிடம் போனோம். "வயசாச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதினார். அதை நம்பி நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் எழுப்பினால் கண் திறக்கவில்லை. அரசு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வலப்பக்கம் மூளை உறைக்கடியில் ரத்தம் தேங்கி அழுத்திக்கொண்டிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 5-க்கு மேல் ஏறியிருந்தது. மாத்திரையின் வேகத்தை முறித்து, மண்டையில் துளையிட்டு வடித்தார்கள்.

அங்கிருந்த டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் உறைக்கும் நடுவே உள்ள சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடிக்கே அறுந்துவிடக்கூடும். உள்ளே இடம் இருப்பதால் ரத்தம் வாரக்கணக்கில் மெல்லச் சேரும். அதுவரை ஆள் நன்றாகத்தான் பேசுவார். யாருக்கு ஸ்கேன் வேண்டும் என்று முடிவுசெய்ய 2001-இல் கனடாவில் வந்த விதிமுறை 65 வயதும் அதற்கு மேலும் இருப்பதையே அதிக ஆபத்தாக வைத்திருக்கிறதாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களை விட்டுவிட்டுத்தான் அந்த விதியையே வகுத்தார்களாம். அதைக் காட்டி அவர்களுக்கு ஸ்கேனைத் தவிர்க்க முடியாது.

பெரியவர்கள் விழுந்தால் மாத்திரை அட்டையை டாக்டர் கையில் கொடுங்கள். சி.டி. வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும் சில வாரம் நடையையும் பேச்சையும் கவனியுங்கள்.

அம்மா பிழைத்துவிட்டார். இடது கைக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை. பழைய மருத்துவமனையில் சீட்டின் நகல் வாங்கிப் பார்த்தேன். இரண்டு தடவை போயும், அசிட்ரோம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.