மார்கழியில் பனிச்சறுக்கு கற்க எங்கே போகலாம்? குல்மர்க், அல்மாட்டி, ஆலி, மணாலி: ஓர் ஒப்பீட்டு அலசல்

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து முடித்தபின், பொங்கல் வேலைகள் தலைக்குமேல் வருமுன், செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்று மொத்தமாக ஊரைவிட்டுக் கிளம்பக் கிடைக்கும் இடைவெளி கொஞ்சம்தான். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அதையொட்டியே வருகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் ஊருக்கு வருவதும் அப்போதுதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து உறவுகளில் சிலர், "இந்தத் தடவை கோயில் குளத்தோடு பனிச்சறுக்கும் கற்றுக்கொண்டு வரலாமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல ஆசை. தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த நாட்கள் இமயமலையில் பனிக்காலத்தின் முதல் படி. அந்தச் சமயத்தில் பனி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

வட இந்திய மலைகளுக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்றுச் சுழற்சிகள். அவை அடுத்தடுத்து வந்தால் டிசம்பரிலேயே மலை வெளுத்துவிடும். வராவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் புல்தான் தெரியும். 2024 ஜனவரியில், பனிக்கே பேர்போன குல்மர்க் வாரக்கணக்கில் வறண்டு பழுப்பாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் நல்ல பனி விழுந்தது. நடுக்குளிர்காலத்துக்கே இந்தக் கதி என்றால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் பனி முதலில் மலை உச்சியில் சேரும். அடிவாரத்துக்கு அது இறங்கிவர நாளாகும். கற்றுக்கொள்பவருக்கு வேண்டிய தாழ்வான, அகலமான, சாய்வு குறைந்த சரிவு இருப்பதோ அடிவாரத்தில். "மேலே மூன்றடி பனி இருக்கிறது" என்று விடுதிக்காரர் தொலைபேசியில் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் முதல்முறை காலில் சறுக்குக் கட்டை மாட்டுபவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே எந்த ஊரைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அடிவாரச் சரிவில் பனி இருக்க வழி உண்டா? இல்லையென்றால், பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த நாட்களை நிறைவாகக் கழிக்க அங்கே வேறு என்ன இருக்கிறது? மார்கழிப் பயணத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கே அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு.

குல்மர்க்

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். கோண்டோலா ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. குல்மர்க்கிலிருந்து கொங்டூரி வரையான முதல் கட்டம் 1998-இல் தொடங்கியது. அங்கிருந்து அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரம்வரை போகும் இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. உலகெங்கும் இருந்து கைதேர்ந்த சறுக்கு வீரர்கள் தேடி வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான். அங்கே சரிவுகள் இயந்திரத்தால் சமப்படுத்தப்படாத இயற்கைப் பனி. பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. 2023 பிப்ரவரியில் அந்தப் பக்கத்தில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். புதியவர்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கி வரலாம். சறுக்கு வேண்டாம்.

கற்பவருக்கான இடம் கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்மையான மேடுகள். ஒரு முழத்துக்குப் பனி படிந்துவிட்டால் இதைவிடத் தோதான பள்ளிக்கூடம் இந்தியாவில் இல்லை. கட்டை, பூட்ஸ், கோல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பயிற்சியாளர்களும் ஏராளம். வண்டியைவிட்டு இறங்கியதும் கையைப் பிடித்து இழுப்பவரிடம் ஒப்புக்கொள்ளாமல், சுற்றுலாத் துறை பதிவுபெற்ற பயிற்சியாளரைத் தேடி, எத்தனை மணி நேரம், வாடகை சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கே இருக்கிறது. முறையாகப் பல நாட்கள் தங்கிக் கற்க நினைப்பவருக்கு அதுதான் சரி, ஆனால் அதற்கு ஜனவரிக்குப் பிறகு போக வேண்டும்.

சரி, பனி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். குல்மர்க்கை மற்ற ஊர்களுக்கு மேலே நான் வைப்பது அதன் அடிவாரத்தில் ஸ்ரீநகர் இருப்பதால். தால் ஏரியின் படகு வீடு, சங்கராச்சாரியார் குன்றின் உச்சியில் சிவன் கோயில், துல்முல்லாவில் கீர் பவானி அம்மன் கோயில், அனந்தநாக் பக்கம் லலிதாதித்தன் எழுப்பிய மார்த்தாண்டன் சூரியன் கோயிலின் இடிபாடுகள் என்று மூன்று நாட்கள் போவதே தெரியாது. மொகலாயத் தோட்டங்களைப் பற்றி மட்டும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். மார்கழியில் பூ இராது, சினார் மரங்களும் மொட்டையாக நிற்கும். ஜாமியா மசூதிக்குக் கட்டாயம் போங்கள். உள்ளே 378 தேவதாரு மரத் தூண்கள் இருக்கின்றன. வளவுகளில் பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்தவர்கள் அந்தக் கூடத்தைவிட்டு எளிதில் வெளியே வரமாட்டார்கள். அசைவக்காரர்கள் குளிர்காலத்துக்கே உரிய ஹரீசாவை விடியற்காலையில் கடையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். ஆட்டுக்கறியை இரவெல்லாம் வேகவைத்துக் கடைந்து எடுப்பது அது. காரம் குறைவுதான், ஆனாலும் காரைக்குடி நாக்குக்குப் பிடிக்கும்.

உடம்புக்கும் இந்த வரிசைதான் நல்லது. கடல் மட்டத்தை ஒட்டி வாழும் நாம் ஒரே நாளில் 2,500 மீட்டருக்கு மேலே போய் ஓடியாடினால் தலைவலி, குமட்டல் வரலாம். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறினால் உடம்பு பழகிவிடும். அதற்குள் அடிவாரத்தில் பனி உண்டா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்குகிறது. ஆகவே டிசம்பர் 20-ஐவிட ஜனவரி முதல் வாரம் மேல், பொங்கலை ஒட்டி இன்னும் மேல்.

சிறு சிக்கல்களும் உண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். பனி விழுந்துவிட்டால் தங்மர்கிலிருந்து மேலே சங்கிலி கட்டிய வண்டியில்தான் போக முடியும், அதற்குத் தனி வாடகை. கோண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அங்கே பாதுகாப்பு நிலவரம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால் அரசு அறிவிப்புகளைக் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அல்மாட்டி

டிசம்பரிலேயே சறுக்கியாக வேண்டும், அதில் சமரசம் இல்லை என்பவர்களுக்கு என் பதில் கஜகஸ்தானின் அல்மாட்டி. 2022 ஜூலையிலிருந்து இந்தியர்கள் 14 நாட்கள்வரை விசா இல்லாமல் போய்வரலாம். டெல்லியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. நகரத்தில் தங்கிக்கொண்டே பஸ் பிடித்து மெடேயூ போய், அங்கிருந்து ரோப்காரில் ஷிம்புலாக் மலைத்தலத்துக்கு ஏறிவிடலாம். அடிவாரம் சுமார் 2,260 மீட்டர், உச்சி 3,200 மீட்டரை ஒட்டியது.

இங்கே பனி வானத்தை மட்டும் நம்பி இல்லை. நீரைத் தூளாகப் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்யும் இயந்திரங்கள் இருக்கின்றன. அந்த இயந்திரத்துக்குத் தேவை மேகமல்ல, உறைநிலைக்குக் கீழான வறண்ட குளிர். அது அல்மாட்டி மலைகளில் டிசம்பரில் தாராளம். அதனால்தான் பருவத் தொடக்கத்திலும் கீழ்ச் சரிவு வெறுமையாகக் கிடப்பது அரிது. விழுந்த பனியை இரவோடு இரவாகச் சமன் செய்தும் வைப்பார்கள். முதன்முதலாகக் கட்டை மாட்டுபவருக்கு இந்தச் சமதளம் பெரிய வரம். மேடும் பள்ளமுமான பனியில் கால் எப்போது இடறும் என்ற பயத்திலேயே பாதி நேரம் போய்விடும். ஆனால் மேலிருந்து இறங்கும் முக்கியப் பாதைகள் பழகியவர்களுக்கானவை. முதல் இரண்டு நாட்கள் பயிற்சிச் சரிவைத் தாண்ட வேண்டாம்.

ஊர் பார்ப்பதில் ஸ்ரீநகரோடு போட்டி போடும் நகரமல்ல இது. 1907-இல் கட்டி முடித்த மரத்தாலான பேராலயம் ஒன்று இருக்கிறது. 1911 நிலநடுக்கத்தில் நகரமே சேதப்பட்டபோது தாக்குப்பிடித்து நின்ற கட்டடம். 1,691 மீட்டர் உயரத்திலுள்ள மெடேயூ பனித்திடலில் பிள்ளைகள் ஐஸ் ஸ்கேட்டிங் பழகலாம். ஒரு நாள் வண்டி எடுத்தால் சாரின் பள்ளத்தாக்குக்குப் போய்வரலாம். குளிர்காலத்தில் நகரத்துக் காற்று கரிப்புகையால் கனத்துக் கிடக்கும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களை அழைத்துப் போக நான் சம்மதிக்க மாட்டேன். சுத்த சைவக்காரர்களுக்குச் சாப்பாடும் சிரமம். இந்திய உணவகங்கள் சில இருக்கின்றன என்றாலும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் சிறு குக்கரும் கையில் இருப்பது நிம்மதி. இளவட்டங்கள் நான்கு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் அல்மாட்டி, ஆயா ஐயாவோடு மூன்று தலைமுறை போவதாக இருந்தால் குல்மர்க் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆலி

உத்தராகண்டில் ஜோஷிமடத்துக்கு மேலே, 2,500 முதல் 3,050 மீட்டர்வரை பரந்த சரிவு. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. அழகில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வராது. வைணவ மரபு 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருப்பிரிதி என்று கொண்டாடுவது ஜோஷிமடத்து நரசிம்மர் சந்நிதியைத்தான். வழியில் தேவப்பிரயாகையும் ஒரு திவ்ய தேசம். இவ்வளவு இருந்தும் மார்கழிக்கு நான் ஆலியைச் சொல்ல மாட்டேன். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பனி செய்யும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன, ஆனால் பயிற்சி இன்றும் வானத்தை நம்பித்தான் நடக்கிறது. அரசு சுற்றுலாக் கழகத்தின் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் வழக்கமாக ஜனவரிக்குப் பிறகே. ஜோஷிமடத்திலிருந்து ஏறும் நான்கு கிலோமீட்டர் ரோப்கார் 2023 ஜனவரியில் ஊரின் நிலம் உள்வாங்கிய பாதிப்பில் நிறுத்தப்பட்டதால் சாலை வழியாகவே போக வேண்டும். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமடத்துக்கே 250 கிலோமீட்டர் மலைப்பாதை, பகல் முழுவதும் ஆகும். அவ்வளவு தூரம் போய்ப் பனி இல்லையென்றால் திரும்பிவந்து வேறு திட்டம் போட வழியில்லை.

பழனிப் பாதயாத்திரை முடித்து, தைப்பூசம் கழிந்து, பிப்ரவரியில் போக முடிகிறவர்களுக்கு ஆலிதான் முதல் இடம். பழனிக்கு நடந்த கால்கள் 7 நாள் பயிற்சியைத் தாங்கும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் அந்த மாதம் ஒத்துவராது.

மணாலி

சோலங் பள்ளத்தாக்கு பார்க்கவும் போய்ச் சேரவும் எளிது. பனி இருந்தால் கூட்டம் அதைவிட அதிகம். ஆண்டுக் கடைசியில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராது. 2020-இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியே லாஹூல் பக்கம் போனால் டிசம்பரிலும் பனி பார்க்கலாம். அது விளையாடவும் படம் எடுக்கவும் போதும். கட்டையை மாட்டி, சிறிது தூரம் தள்ளிவிட்டு, பணம் வாங்கிக்கொள்வதைக் கற்றல் என்று சொல்ல முடியாது. 1553-இல் கட்டிய ஹிடிம்பா கோயிலுக்காகவும் தேவதாருக் காட்டுக்காகவும் போங்கள். சறுக்குக்காக வேண்டாம்.

துபாயில் உறவு இருந்தால்

நம் பக்கத்தில் துபாயிலோ ஷார்ஜாவிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. திருச்சியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. அங்கே பேரங்காடிக்குள் 2005-இலிருந்து இயங்கும் ஸ்கீ துபாயில் நீளமான சரிவு 400 மீட்டர். பயிற்சியாளர், உடை, கட்டை எல்லாம் ஒரே இடத்தில். மலையும் இல்லை, வானமும் இல்லை. ஆனால் விழுவது, குறுக்குவாட்டில் எழுவது, கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது ஆகிய மூன்றும் அங்கே கைவந்துவிடும். உறவைப் பார்க்கப் போகும்போது ஒரு வகுப்பு முடித்துவிட்டால் குல்மர்க்கில் கிடைக்கும் இரண்டு நல்ல நாட்கள் அடிப்படையிலேயே கரைந்துபோகாது.

எங்கே போனாலும் பருத்தி ஜீன்ஸ் வேண்டாம், ஈரம் குடித்து உறைந்துவிடும். உடம்பை ஒட்டிய தெர்மல் உடை, மேலே கம்பளி, அதன்மேல் நீர்புகாத உடுப்பு. பூட்ஸுக்குள் ஒரே ஒரு கம்பளிக் காலுறை. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிடும். புதுப்பனி சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அடிப்பதால் நல்ல கண்ணாடியும் ஹெல்மெட்டும் கட்டாயம். சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் பனிச்சறுக்கை ஏற்காது. அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குல்மர்க்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், மதுரை வழியோ திருச்சி வழியோ, திரும்பும் டிக்கெட்டை ஸ்ரீநகரிலிருந்து டெல்லிவரை ஒன்றாகவும், டெல்லியிலிருந்து தெற்கே வேறொன்றாகவும் எடுத்தால், நடுவில் ஒரு நாள் விட்டு எடுக்க வேண்டும். ஸ்ரீநகர் விமானத்தளத்தில் பனி, டெல்லியில் மூடுபனி, இரண்டில் ஒன்று அந்த மாதத்தில் விமானத்தைத் தாமதப்படுத்தாமல் இராது. மறுநாளே பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது என்றால் பயணத்தை ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.