1955இல் பிறந்த இரண்டு பெயர்கள்: டிஎஸ்ஸும் அல்பீனும்

1955 அக்டோபரின் முதல் வாரம். பாரிஸ் நகரின் கிராண்ட் பலே மண்டபத்தில் மோட்டார் கண்காட்சி திறந்தபோது, சிட்ரோன் அரங்கில் அதுவரை யாரும் பார்த்திராத உருவத்தில் ஒரு கார் நின்றது. முதல் 15 நிமிடங்களில் 743 பேர் பெயர் பதிந்தார்கள். அன்று இரவுக்குள் 12,000 பேர். கண்காட்சி முடிந்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ 80,000. காரின் பெயர் டிஎஸ் 19. அந்த இரண்டு எழுத்துகளைப் பிரெஞ்சில் சேர்த்து உச்சரித்தால் ‘தேயெஸ்’ என்று வரும்; பெண் தெய்வம் என்று பொருள்.

அதே ஆண்டு ஜூன் மாதம், நார்மண்டிக் கடற்கரையில் உள்ள டியெப் ஊரில், ரெனால்ட் விற்பனையாளரின் மகனும் பந்தய ஓட்டுநருமான ழான் ரெடெலே ஒரு சிறு கார் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் தான் ஓட்டிய பந்தயங்களின் நினைவாக அதற்கு அல்பீன் என்று பெயரிட்டார். அங்கே கூட்டமும் இல்லை, முன்பதிவும் இல்லை.

இரண்டு பெயர்களும் இடையில் மறைந்து, இந்த நூற்றாண்டில் திரும்பி வந்திருக்கின்றன. டிஎஸ் 2014இல் சிட்ரோனிலிருந்து பிரிந்து தனிப் பெயரானது. இன்று ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் உயர்தரப் பிரிவு. அல்பீன் 2017இல் ரெனால்ட் குழுமத்துக்குள் மீண்டும் கார் கட்டத் தொடங்கியது. தாய் நிறுவனங்கள் இரண்டுக்குமே சென்னைக்கு அருகில் தொழிற்சாலைத் தொடர்பு உண்டு: சிட்ரோனுக்குத் திருவள்ளூர், ரெனால்ட்டுக்கு ஒரகடம். ஆனால் டிஎஸ்ஸோ அல்பீனோ இங்கே விற்பனைக்கு வந்ததில்லை. அதனால் விலைப்பட்டியலை ஒதுக்கிவிட்டு, பரம்பரைச் சொத்தை யார் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்க நமக்கு வசதியாக இருக்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதுவரை அல்பீன்தான் நேர்மையான வாரிசு. டிஎஸ்ஸை அதிகம் நேசிப்பவன் என்பதால்தான் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த இரண்டு கார்களும் ஏன் அப்படிப் பிறந்தன என்பதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. போருக்குப் பிந்தைய பிரான்ஸ் பெரிய எஞ்சின்கள்மீது கடுமையான வரி போட்டது. டெலாஜ், டெலாஹே, தல்போ-லாகோ போன்ற பழைய ஆடம்பரப் பெயர்கள் 1950களில் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைந்தன. துணிந்து நின்ற ஃபாசெல் வேகாவும் எஞ்சினை அமெரிக்காவிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் சிலிண்டர்களைக் கூட்டி ஆடம்பரம் செய்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. டிஎஸ்ஸின் பானட்டுக்குள் இருந்தது பழைய டிராக்சியோன் அவான் காரின் 1.9 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின்தான், 75 குதிரைத்திறன். அல்பீனுக்குள் இருந்தது சாதாரணக் குடும்பக் கார்களின் சின்ன எஞ்சின். சக்தி குறைவு, அதை ஈடுகட்ட யோசனை வேண்டும். சிட்ரோனின் யோசனை எண்ணெய், ரெடெலேவின் யோசனை எடை.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பால் மாழெஸ் என்ற பொறியாளர் சக்கரங்களுக்கு மேலிருந்த இரும்பு ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோகக் குண்டு வைத்தார். குண்டின் நடுவே ரப்பர் திரை. மேல்பாதியில் நைட்ரஜன் வாயு, கீழ்ப்பாதியில் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் மேலே தள்ளப்படும், வாயு அமுங்கி அதிர்ச்சியை விழுங்கும். பின் இருக்கையில் மூன்று பேர் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் ஒரு வால்வு திறந்து கூடுதல் எண்ணெயை உள்ளே விடும். கார் தானாகப் பழைய உயரத்துக்கு வந்துவிடும். எஞ்சினை நிறுத்தி வைத்திருந்த டிஎஸ் தரையோடு தாழ்ந்து கிடக்கும். கிளப்பினால் படுத்திருந்த பசு எழுந்து நிற்பதுபோல நிதானமாக உயரும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் வேறு எந்தக் காரையும் உயிருள்ளது என்று சொல்லத் தயங்குவார்கள்.

அதே எண்ணெய் அழுத்தமே ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவியது, கியர் மாற்றியது, கிளட்சை இயக்கியது, பிரேக்கைப் பிடித்தது. கிளட்ச் மிதி கிடையாது. பிரேக் மிதிக்குப் பதில் காளான்போல ஒரு ரப்பர் பொத்தான். ஸ்டீயரிங் சக்கரத்துக்கு ஒற்றை ஆரம். டயர் மாற்ற வேண்டுமானால் காரை அதுவே உயர்த்திக்கொள்ளும். ஒரு முட்டுக்கம்பி வைத்து மறுபடி தாழ்த்தினால் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

உருவத்தைச் செதுக்கியவர் ஃப்ளாமினியோ பெர்டோனி, இத்தாலியச் சிற்பி. ‘செதுக்கியவர்’ என்பது இங்கே உவமை அல்ல; களிமண்ணில் வடிவம் எடுப்பதுதான் அவர் வேலைமுறை. கட்டமைப்பு ஆந்த்ரே லெஃபெவ்ருடையது. விமானத் துறையிலிருந்து வந்த அவர் எடையெல்லாம் முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அதனால் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்பக்கத்தைவிட 20 சென்டிமீட்டர் குறைவு. பின்னோக்கி ஒடுங்கும் அந்த நீர்த்துளி வடிவம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. கூரை ஃபைபர் கிளாஸ், டேஷ்போர்டு பிளாஸ்டிக் வார்ப்பு. மரப்பலகையும் தடித்த தோலும் போட்டால்தான் உயர்ந்த கார் என்ற வழக்கத்தை அந்தக் கார் ஏற்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய டிஎஸ்ஸுக்கு வரும்போது தேவைப்படும்.

குறை இல்லாமல் இல்லை. முதலில் பயன்பட்ட சிவப்பு எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிக் குழாய்களை அரித்தது. 1960களின் நடுவில் பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. ஆனால் 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி-கிளமார் என்ற இடத்தில் பிரெஞ்சு அதிபர் தெ கோலின் டிஎஸ்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தபோது, டயர்கள் கிழிந்த நிலையிலும் கார் தப்பி ஓடியது. அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த சஸ்பென்ஷனுக்கும் கிடைத்ததில்லை. 1967இல் கண்ணாடிக்குப் பின்னால் ஹெட்லைட்கள் வந்தன; ஸ்டீயரிங் திரும்பும் பக்கமே உள்பக்க ஹெட்லைட்டும் திரும்பி வளைவுக்குள் ஒளி பாய்ச்சியது. 1975இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 14.5 லட்சம் கார்கள் வெளிவந்திருந்தன.

அல்பீனின் கதை இதைவிடச் சுருக்கமானது, ஏனென்றால் அதன் தத்துவம் ஒரே வரி: வேண்டாததை வைக்காதே. 1962இல் வந்த ஏ110 காருக்கு முதுகெலும்புபோல நடுவில் ஓர் எஃகுக் குழாய், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் உடல், பின்னால் ரெனால்ட் 8 காரிலிருந்து வந்த எஞ்சின். உயரம் 1.13 மீட்டர்தான், ஆறு வயதுக் குழந்தை நின்றால் கூரையைத் தொடும். 1971இலும் 1973இலும் மான்டே கார்லோ ராலியை வென்றது. இரண்டாம் முறை முதல் மூன்று இடங்களும் அதற்கே. 1973இல் முதன்முதலாக நடந்த உலக ராலி சாம்பியன்ஷிப்பின் பட்டமும் டியெப் ஊருக்குப் போனது. அதே ஆண்டு நிறுவனத்தின் பெரும்பங்கு ரெனால்ட்டின் கைக்கு மாறியது. பிறகு வந்த கார்கள் கனத்தன, விற்பனை தேய்ந்தது, 1995இல் பெயர் மறைந்தது. ஆனால் டியெப் பட்டறை மூடப்படவில்லை. ரெனால்ட்டின் விளையாட்டு ரகக் கார்களை அதே ஊர்க்காரர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பெயர் போனாலும் கை பழக்கம் விட்டுப்போகவில்லை. அல்பீனின் மறுவருகையில் இதுவே பாதி மூலதனம் என்பேன்.

டிஎஸ்ஸுக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை. 2010 வாக்கில் சிட்ரோன் டிஎஸ்3 என்ற பெயரில் அது திரும்பியபோது, வந்தது ஒரு துடிப்பான சின்ன கார். 1955உடன் அதற்கு எழுத்தைத் தவிர உறவில்லை. பிறகு வந்த டிஎஸ் 5 உண்மையிலேயே துணிச்சலான வடிவம். ஆனால் உட்கார்ந்து போனால் முதுகைக் குலுக்குகிறது என்ற புகார் அதைத் துரத்தியது. டிஎஸ் என்ற பெயரைத் தாங்கிய கார் குலுக்கலாமா? பசித்தவனுக்குச் சோறு போடாத அன்னசத்திரம் போல ஆகிவிடாதா? தாய்வீடான சிட்ரோன் அப்போதும் தன் சி5 காரில் மாழெஸின் எண்ணெய்க் குண்டுகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. அந்த நுட்பம் வீட்டுக்குள்ளேயே இருந்தும் டிஎஸ்ஸுக்குக் கொடுக்கப்படவில்லை. சி5 நின்றபோது அதுவும் அணைந்தது.

2017இல் வந்த டிஎஸ் 7 இந்தக் கடனை அடைக்க முயன்றது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சில மீட்டர் தொலைவில் வரும் மேடுபள்ளத்தைப் படித்து, ஒவ்வொரு சக்கரத்தின் ஷாக் அப்சார்பரையும் முன்கூட்டியே இறுக்கவோ தளர்த்தவோ செய்கிறது. நல்ல யோசனை, மாழெஸ் தலையாட்டியிருப்பார். ஆனால் அந்தக் காரின் அடித்தளம் அதே குழுமத்தின் இன்னொரு காரான பெஜோ 3008 உடையது. மக்கள் கண்ணை முதலில் இழுப்பது உள்ளே இருக்கும் வேலைப்பாடுதான்: கைக்கடிகாரப் பட்டைபோல மடித்துத் தைத்த தோல் இருக்கைகள், முத்துக் கோத்ததுபோன்ற தையல், கடிகார முகப்புகளில் செதுக்கும் சிறு கூம்பு வரிசை, காரைக் கிளப்பும்போது புரண்டு முகம் காட்டும் கடிகாரம். உள்ளலங்காரங்களுக்கு பாஸ்டீய், ரிவோலி, ஓபெரா என்று பாரிஸ் இடங்களின் பெயர்கள். எல்லாமே அழகு, கைத்திறனும் உண்மை. ஆனால் இது பாரிஸ் நகைக்கடைத் தெருவின் பரம்பரை. மரத்தையும் தோலையும் ஒதுக்கி பிளாஸ்டிக்கால் எதிர்காலத்தை வார்த்த காரின் பெயரில், தோல் வேலையை முதல் பெருமையாக நிறுத்துவது எனக்குப் பொருந்தவில்லை.

அல்பீன் அதே 2017இல் என்ன செய்தது? அன்டனி வில்லானின் குழு வரைந்த புதிய ஏ110இன் முகத்தில் பழைய நான்கு விளக்குகள் இருக்கின்றன, பானட்டின் நடுவே முதுகுத்தண்டுபோன்ற கோடு இருக்கிறது. இதை ஏக்கத்துக்குத் தீனி என்று சிலர் சொல்லலாம். தோற்றத்தில் அது பழையதை அதிகம் பார்த்து எழுதியது என்பது உண்மை, இந்த ஓர் இடத்தில் டிஎஸ் கூடுதல் துணிவு காட்டியிருக்கிறது. ஆனால் தோலை உரித்துப் பாருங்கள். உடலும் சட்டகமும் ஏறக்குறைய முழுவதும் அலுமினியம். அடிப்படை ரகத்தின் எடை 1,080 கிலோ. இருக்கை ஒவ்வொன்றும் 13 கிலோ சொச்சம். பின்சக்கர பிரேக்குக்குள்ளேயே கைபிரேக்கை ஒருங்கிணைத்து இரண்டரைக் கிலோ மிச்சம் பிடித்தார்கள். இந்த இரண்டரைக் கிலோவை எந்த வாடிக்கையாளரும் ஷோரூமில் தொட்டுப் பார்க்க முடியாது. பரம்பரை என்றால் எனக்கு அதுதான்: ரெடெலேவின் கணக்கை, அவர் பெயரைச் சொல்லாமலே, மறுபடி போட்டுப் பார்ப்பது. எடை குறைந்ததால் 252 குதிரைத்திறனே போதுமானது. ஸ்பிரிங்குகளைக் கல்லாக இறுக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. ஒரு விளையாட்டுக் கார் மேடுபள்ளத்தில் இத்தனை மென்மையாக நடப்பதைப் பார்த்து விமர்சகர்கள் வியந்தார்கள். டிஎஸ் செய்திருக்க வேண்டிய வேலையை அல்பீன் செய்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன். முதல் வெளியீட்டில் 1,955 கார்கள் மட்டும். பிறந்த ஆண்டுக்கு மரியாதை.

பிறக்கும் இடத்திலும் வேறுபாடு பெரிது. ஏ110 டியெப்பில்தான் பிறந்தது, ஆலைக்கு இன்று ரெடெலேவின் பெயரே இருக்கிறது. டிஎஸ் 4 ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைமில், டிஎஸ் 9 சீனாவின் ஷென்ஜெனில், நம்பர் 8 என்ற புதிய டிஎஸ் கார் இத்தாலியின் மெல்ஃபியில். எங்கே கட்டினாலும் கார் நன்றாக இருக்கலாம்தான். ஆனால் ‘பாரிஸ்’ என்ற சொல்லை உள்ளலங்காரத்தில் அத்தனை இடத்தில் பதிக்கும்போது வாசகர் இந்த ஊர்ப் பெயர்களையும் தெரிந்துகொள்வது நியாயம்.

இப்போது தராசு கொஞ்சம் அசைகிறது. 2024 டிசம்பரில் டிஎஸ் காட்டிய மின்சாரக் காரான நம்பர் 8, காற்றுத்தடைக் குணகம் 0.24 என்ற அளவுக்கு வழவழப்பானது. ஒரு சார்ஜில் 750 கிலோமீட்டர் வரை போகும் என்று ஐரோப்பியச் சோதனைமுறைப்படி சொல்கிறார்கள். பின்னோக்கிச் சரியும் அதன் கூரை அலங்காரத்துக்காக வந்ததல்ல; தொலைவுக்காக வந்தது. காற்றை எதிர்த்துச் சக்தியைக் கொட்டாமல் காற்றுக்கு வழிவிடுவது லெஃபெவ்ரின் பழைய பாடம். எழுபது ஆண்டு கழித்து அந்தப் பாடம் அந்தப் பெயருக்குக் கீழே மறுபடி எழுதப்பட்டிருப்பதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி.

அல்பீனோ 2025இல் ஏ390 என்ற ஐந்து இருக்கை மின்சாரக் காரை அறிமுகம் செய்தது. மூன்று மோட்டார்கள், வளைவில் சக்கரத்துக்குச் சக்கரம் விசையைப் பிரித்துத் தரும் நுட்பம், எல்லாம் உண்டு. எடை இரண்டு டன்னுக்கு மேல். 1,080 கிலோ காரின் ஒவ்வொரு கிராமையும் எண்ணிய அதே டியெப் ஆலையில்தான் அதையும் கட்டுகிறார்கள்.