பதின்மூன்று வயது கேம்பருக்குப் புது பீடிங்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கதவுக் கண்ணாடி ஓர ரப்பரும் வெளி பிளாஸ்டிக்கும் மாற்ற, வண்டியைக் காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பட்டறைக்காரர். மூன்றாம் நாள் மதியம்தான் வண்டி கைக்கு வந்தது. இரண்டு நாள் ராமநாதபுரத்துக்கும் வேதாளைக்கும் பஸ்ஸில் அலைந்தேன். தாமதம் ஏன் என்று நேரில் பார்த்ததால்தான் இப்போது கோபம் இல்லாமல் எழுத முடிகிறது.

வண்டி 2012 மாடல் பொலேரோ கேம்பர். வாப்பா வாங்கியது. பின்னால் ஐஸ் பெட்டி ஏற்றி நண்டும் கணவாயும் அடிக்கிற வண்டி. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது, துடைத்த கண்ணாடியில் ஒரு மணி நேரத்தில் உப்பும் மணலும் படிந்துவிடும். போதாததற்குப் பெட்டியிலிருந்து வழியும் மீன் தண்ணி வேறு. காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபம் முகாமில் கூடம் போட்டுத் துருப்பிடிப்பதை ஆராய்ந்த பக்கம் இது. அதே சோதனையைப் பதின்மூன்று வருடமாகச் சம்பளம் வாங்காமல் எங்கள் வண்டியும் செய்துகொண்டிருக்கிறது.

மாற்ற வேண்டியிருந்தது மூன்று சாமான். கதவுக் கண்ணாடிக்கு அடியில் வெளிப்பக்கம் ஓடும் கறுப்பு ரப்பர் பட்டை, பட்டறையில் வெளி பீடிங் என்பார்கள். சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக். அப்புறம் கதவின் நடுவில் ஒட்டியிருக்கும் பட்டை. பிளாஸ்டிக் வெயில் தின்று சாம்பல் பூத்துப் போயிருந்தது. ஊரில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: தேங்காய் எண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், டீசல். நானும் எல்லாம் பூசிப் பார்த்தவன்தான். இரண்டு நாள் பளபளக்கும், மூன்றாம் நாள் தெருப் புழுதி முழுக்க அதில்தான் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்காவது பரவாயில்லை, பீடிங் ரப்பரில் டீசலும் ஆயிலும் பட்டால் அது ஊதி நொய்ந்துபோகும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அழகுக்காக மட்டும் இந்தச் செலவு செய்யவில்லை. எந்த வண்டியிலும் மழைத் தண்ணீர் கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறத்தான் கதவின் அடி ஓரத்தில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் பீடிங் காய்ந்து சுருங்கி, முன் முனையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே ஓடும் தகரப் பட்டை துருவேறி வீங்கி, ரப்பரை நீளவாக்கில் கிழித்துவிட்டது. தண்ணீரோடு மணலும் இறங்கி ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. போன ஐப்பசி மழையில் கதவைச் சாத்தினால் உள்ளே சலக் என்று சத்தம் கேட்கும். உம்மா பயந்துபோய், "வண்டிக்குள்ள என்னமோ இருக்குடா" என்றார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு வேறொரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி ஒரு செட் மாட்டிவிட்டார்கள். பழைய துருவைச் சுரண்டக்கூட இல்லை, அதன்மேலேயே அழுத்தி விட்டார்கள். எட்டு மாதத்தில் பல்லிளித்துவிட்டது. அதனால் இந்த முறை கொஞ்சம் விசாரித்துவிட்டுத்தான் போனேன். நேரமும் பார்த்துத்தான் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுச் சரக்கு மட்டும்தான் வரும், அதற்கு மச்சானின் குட்டியானை போதும்.

பட்டறை ராமநாதபுரம் பைபாஸ் பக்கம். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் கழற்றிப் போட்ட சீட்டு ஒன்று, அதுதான் வாடிக்கையாளர் உட்காரும் இடம். அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். பேச்சு குறைவு.

அவர் முதலில் கைவைத்தது இடது பின் சக்கரத்தில். பிளாஸ்டிக் வளைவைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்றுக்கும் தலை இல்லை, எல்லாம் துருத் தூளாகியிருந்தது. ட்ரில் வைத்து எடுத்தார். வளைவு கழன்றதும் அதன் பின்னாலிருந்து ஈர மணல் கட்டி கட்டியாக விழுந்தது. மழை விட்டு எத்தனையோ மாதம் ஆகிறது, மணல் காயவே இல்லை. உப்பு ஈரத்தை விடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தகட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். ஓர் இடத்தில் மட்டும் பொத் என்றது. அங்கே விரலால் ஓர் அழுத்து, விரல் உள்ளே போய்விட்டது.

"பாய், இதுக்கு மேல புது பிளாஸ்டிக்க மாட்டுனா, புண்ணுக்கு மேல பட்டுத்துணி கட்டுன கணக்காத்தான்."

மூன்று நாள் ஆனதற்கு இதுதான் காரணம். பக்கத்துக் கொட்டகை டிங்கரை (வண்டித் தகடு வேலை செய்பவர்) வைத்து அழுகிய தகட்டை வெட்டித் துண்டு வைத்துப் பற்றவைத்தார்கள். கிரைண்டர் ஓட்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, இணைப்பில் சீலன்ட் பூசிக் காயவிட்டார்கள். புதிதாகப் போட்ட ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையின் விளிம்பிலும் சின்ன பிரஷ்ஷால் பிரைமர் தொட்டு வைத்தார். பெயின்ட் உடைந்த இடத்தில்தான் துரு முதலில் வாய் வைக்கும். நான் போன மற்ற கடைகளில் இதை யாரும் செய்து பார்த்ததில்லை. முடிந்த இடங்களில் இரும்பு ஸ்க்ரூவையே தவிர்த்துவிட்டு பிளாஸ்டிக் கிளிப் போட்டார்.

சாமான் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். எல்லாமே கம்பெனி சாமானாகப் போடலாம் என்பது என் எண்ணம். பீடிங்கை மட்டும் கம்பெனியில் வாங்குங்கள், வளைவுக்கு லோக்கல் போதும் என்றார் அவர். இரண்டு பீடிங்கையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். லோக்கல் பீடிங்கின் உதடு வழவழவென்று வெறும் ரப்பர். கம்பெனி பீடிங்கில் கண்ணாடி உரசும் பக்கம் மெல்லிய வெல்வெட் போல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மணல் சிக்கிக் கண்ணாடியில் கோடு விழும். என் டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஏற்கெனவே விழுந்த கோடுகள் அதற்குச் சாட்சி. நான்கு கதவுக்கும் பீடிங் 2,400 ரூபாய் ஆனது. லோக்கலில் 900க்கே கிடைத்திருக்கும். வளைவுகள் லோக்கல், நான்கும் சேர்த்து 1,800.

லோக்கல் வளைவைப் பற்றி என் கருத்து: பரவாயில்லை ரகம். வலது முன்பக்கம் பம்பரோடு சேரும் இடத்தில் பொருந்தாமல் ஆக்சா பிளேடு வைத்துக் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அந்த இடம் கோணல். நண்டு வண்டியை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கதவின் நடுப் பட்டையை ஒட்டும் வேலையை மட்டும் அவர் வெயிலில் செய்யவில்லை. தகடு சுடும், ஒட்டும்போதே டேப் இழுத்துக்கொள்ளும் என்று வண்டியை மரநிழலில் விட்டு ஆறவைத்தார். பழைய பசையைச் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, 3எம் டேப்பில் ஒட்டி, உள்ளங்கையால் முனை முதல் முனை வரை அழுத்திக்கொண்டே போனார். "மூணு நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க பாய்" என்றார். இந்த வகை டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் கணக்கும் அதே கணக்குத்தான்.

இன்னும் இரண்டு குறை. பட்டை ஒட்டுவதற்காகப் பக்கவாட்டில் இருந்த மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைக் கிழித்தவர், அதைத் திரும்ப ஒட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம். எஃப்.சி.க்குப் போகும் முந்தின நாள் நானே கவனித்து, ஓடிப்போய் வாங்கி ஒட்டினேன். இன்னொன்று, வண்டி எடுத்த ஒரு வாரத்தில் ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் இடது பின் கதவு விசில் அடிக்க ஆரம்பித்தது. பக்கக்காற்று ஏற ஏற விசிலும் ஏறியது. திரும்பக் கொண்டுபோனேன். பீடிங்கின் ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை. ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார், காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

கூலி, டிங்கர் வேலை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,500. சாமானோடு பத்தாயிரத்தைத் தாண்டியது. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார், பில் கேட்டால் சிரிக்கிறார். அவசரமாக வண்டி வேண்டும் என்பவர்கள் அங்கே போகாதீர்கள். ஒரு வாரம் வண்டி இல்லாமல் சமாளிக்க முடிந்தவர்கள் போகலாம்.

கழுவும் விஷயத்தையும் அவரே சொன்னார். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உவர். அதில் கழுவினால் காய்ந்ததும் புது பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு விழுகிறது. இப்போது வாரம் ஒரு முறை காவிரித் தண்ணீர் இரண்டு வாளி வண்டிக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். குடிக்கிற தண்ணியை வண்டிக்கு ஊற்றுகிறானே என்று உம்மாவுக்கு வருத்தம். வாளியின் கடைசித் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக விட்டுப் பார்ப்பேன்; நான்கு கதவின் அடி ஓட்டையிலும் சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது. பின் கதவுச் சங்கிலிக்கு ரப்பர் குழாய் போட மறந்துவிட்டார், அது மட்டும் இன்னும் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.